கனகராஜ் சாய்ந்த சுவர்

சிம்பாங் பூலாய்,
3 ஆகஸ்ட் 2025

அண்ணி,

தினேஸ்வரிதான் எழுதுகிறேன். என் எண்ணை உங்கள் கைப்பேசியில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்காவின் போனில் கூப்பிட்டால், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைத் தடுக்க இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை. கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, “பெருநாள் லீவுதானே, ஒரு வாரம் வச்சிருந்து அனுப்புறேன்” என்று சொல்லி வினியைத் தஞ்சோங் மாலிமுக்குக் கூட்டிப் போனீர்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. பள்ளியையும் அங்கேயே மாற்றிவிட்டீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளை இந்த ஹாலை நினைத்தாலே பயந்து அலறுகிறாள் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்பா போன கோலத்தை முதலில் பார்த்தவள் அவள். நான் சூப்பர்மார்க்கெட்டில் வேலையில் நின்றிருந்தேன். பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தது அவள். பெற்றவள் வேறு என்ன செய்வேன், கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் ரயில் ஏறி வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “பிள்ளைக்குக் காய்ச்சல். ஒன்னப் பாத்தா மறுபடியும் அந்த ஹாலு ஞாபகம் வந்துடும்லா, போயிட்டு இன்னொரு நாளைக்கு வா” என்றீர்கள். வாங்கி வந்த மாம்பழத்தைக் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அதன் பிறகு நிறைய யோசித்தேன் அண்ணி. பிள்ளைக்கு இந்த ஹால்தான் பயம் என்றால், இந்த ஹால் இல்லாமல் போகட்டும். மூன்று வருடம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரிதான் இருந்தது. அவருடைய மெத்தையை எடுத்தாகிவிட்டது, சக்கர நாற்காலியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் தைல வாடை போகவில்லை. அவர் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில், சுவரில் தலை எண்ணெய் ஊறி ஒரு தட்டு அளவுக்குக் கறுப்பாக அழுக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள், பிறகு வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

பெரிய செலவெல்லாம் என்னால் முடியாது. கொஞ்சம் சாயம், ஒரு திரைச்சீலை, தரைக்கு ஒரு விரிப்பு. கைப்பேசியில் பார்த்தால், கையில் காசில்லாத பெண்களெல்லாம் எப்படியெப்படியோ வீட்டைப் புதிதாக்கிக் காட்டுகிறார்கள். நானும் செய்கிறேன். வேறு வீடு மாதிரி ஆக்கிவிட்டுச் சொல்கிறேன். என் பிள்ளையை அனுப்பி வையுங்கள்.

தினேஸ்வரி

---

தஞ்சோங் மாலிம்,
19 ஆகஸ்ட் 2025

தினேஸ்வரிக்கு,

உன் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உன் மாமாதான் வாசித்துக் காட்டினார், பிறகு நானும் வாசித்தேன்.

வருடத் திதி முடியாமல் சாயம் அடித்த வீட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்திலும் பார்த்ததில்லை. தீபாவளிக்கு லயத்து வீடுகள் முழுக்க சுண்ணாம்பு அடிப்பார்கள். சாவு விழுந்த வீட்டை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். தோட்டத்து முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு ஏன் அந்தச் சுவரை விட்டீர்கள் என்று கேட்டதில்லை. அவனுக்குக்கூட அது தெரிந்திருந்தது. நீ ஒருத்திதான் கைப்பேசியைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாய்.

அதை அழுக்கு என்று எழுதியிருக்கிறாய். அது என்ன எண்ணெய் என்று உனக்குத் தெரியாதா? கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டு நான் காய்ச்சிய எண்ணெய். மாதா மாதம் போத்தலில் ஊற்றி, இறுக்கி மூடி, பஸ்ஸில் அனுப்பினேன். அம்மா இறந்தபோது அவனுக்கு நடக்கத் தெரியாது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பால்காட்டுக்குச் சோறு கொண்டுபோனவள் நான். அவனுடைய தலைக்கு எண்ணெய் வைத்துப் பழகிய கை இது. வாதம் வந்து படுத்த பிறகும் அந்த எண்ணெய்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அந்தச் சுவரைத் தொடாதே.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், படிக்கிறாள். அந்த வீட்டுப் பேச்சை எடுத்தால்தான் முகம் வெளுத்துப் போகிறது. உன் மாமா கார் கம்பெனியில் வேலை முடிந்து வந்தால், இரண்டு பேரும் சேர்ந்துதான் டிவி பார்ப்பார்கள். இவ்வளவு வருடமாக இந்த வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான் இருந்தது. இப்போது சிரிப்புச் சத்தமும் இருக்கிறது. அவளை ஏன் அலைக்கழிக்கிறாய்?

அடுத்த தடவை எழுதும்போது என் தம்பியின் பெயரைச் சொல்லி எழுது. ‘அவர்’, ‘அழுக்கு’ இரண்டும் ஒரே கடிதத்தில் வேண்டாம்.

புஷ்பலதா

---

சிம்பாங் பூலாய்,
14 செப்டம்பர் 2025

அண்ணி,

கோபப்படுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சாயம் அடித்துவிட்டேன்.

திதிக்கு முன்னால் அடிக்கக்கூடாது என்று காளியம்மா அக்காவும் சொன்னார். சந்தோஷத்துக்கு அடித்தால்தானே குற்றம், அக்கா? என் மகள் வீட்டுக்கு வரவேண்டும் என்பதற்காக அடிக்கிறேன் என்றேன். அவர் ஏணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

யாரோ ஒருவர் கலக்கச் சொல்லிவிட்டு, நிறம் பிடிக்காமல் விட்டுப்போன டின் ஒன்று ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைத்தது. இளம் பச்சை. வெயில் அடித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, மழை மூட்டமாக இருந்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. டின்னை விட்டுப் போனவரைக் குறை சொல்ல முடியாது. பழைய துணி விற்கும் பண்டல் கடையில் ஒரு திரைச்சீலை கிடைத்தது, ஓரம் வெட்டித் தைத்தேன். தரைக்குத் தீக்கார் விரிப்பு, மரக்கட்டை மாதிரி அச்சடித்தது. ரப்பர் பாய் என்றுதான் விற்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் அத்தனையும் பிளாஸ்டிக். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளை இதில் ஏமாற்ற முடியாது. ஆனாலும் வாங்கினேன்.

சுவர்தான் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. உங்கள் கறை. சாயம் அடித்தேன், மறைந்தது. மத்தியானம் காய்ந்ததும் அதே இடத்தில் அதே வட்டம் தெரிந்தது. மறுபடியும் அடித்தேன். மறுநாள் மஞ்சளாக எட்டிப் பார்த்தது. கடைத் தவுக்கேயிடம் கேட்டால் சிரிக்கிறார். “எண்ணெ சுவருல தண்ணிச் சாயம் நிக்காதுலா தங்கச்சி, எத்தன தடவ அடிச்சாலும் அது வெளிய வரும்” என்றார்.

பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். தண்ணீர் பட்டதும் அந்த எண்ணெய் வாடை கிளம்பியது பாருங்கள், கனகராஜ் குளித்துவிட்டு வந்து தலை துவட்டுகிற வாடை. பெயரைச் சொல்லி எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். சோப்புத் துணியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

கடைசியில் பின்னால் பசை தடவிய ஸ்பாஞ்சு அட்டை வாங்கி வந்தேன். செங்கல் சுவர் மாதிரி இருக்கும், உரித்து ஒட்டினால் போதும். அந்தப் பக்கச் சுவர் முழுவதும் ஒட்டிவிட்டேன். மேலே சின்ன விளக்குச் சரம். இனி எதுவும் வெளியே வராது. அதற்கு முன்னால் சோபா போட்டிருக்கிறேன். காளியம்மா அக்காவின் மகன் புதிது வாங்கியதால் பழையதைக் கொடுத்தான். கிழிந்த இடத்தை மறைத்து மெத்தை உறை தைத்தேன். வினிக்குப் பிடித்த ஊதா நிறம்.

போட்டோ எடுத்துக் கழுவி உள்ளே வைத்திருக்கிறேன். அவளிடம் காட்டுங்கள். பயப்பட இதில் ஒன்றுமே இல்லை என்று அவளே சொல்லட்டும். டிசம்பர் விடுமுறைக்கு அனுப்புங்கள். பிடித்திருந்தால் இருக்கட்டும், ஜனவரியில் பழைய பள்ளிக்கே போகட்டும்.

தினேஸ்வரி

---

தஞ்சோங் மாலிம்,
2 நவம்பர் 2025

தினேஸ்வரிக்கு,

உடனே பதில் எழுதியிருந்தால், எழுதக்கூடாததை எல்லாம் எழுதியிருப்பேன். அதனால் தீபாவளி போகட்டும் என்று இருந்தேன். இந்த வருடம் நாங்களும் விளக்கேற்றவில்லை. பிள்ளைக்கு மட்டும் புதுச்சட்டை எடுத்தோம், அதையும் அவள் போடவில்லை.

போட்டோவைப் பார்த்தேன். யார் வீட்டு ஹாலோ. சோபா கடையில் சோடித்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. நீ தேய்த்தபோது வாடை கிளம்பியது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் ஒரு தடவைக்கு மேல் படிக்கவில்லை. தேய்க்கும்போது தெரிந்துவிட்டது, பிறகும் எப்படித் தினேஸ்வரி உனக்கு மூட மனம் வந்தது?

போட்டோவைப் பிள்ளையிடம் காட்டவில்லை. அலமாரியில் வைத்துவிட்டேன்.

தினமும் பள்ளிக்குப் போகுமுன் அவளுக்கு அதே எண்ணெய் வைக்கவேண்டும். வாசனை எண்ணெய் வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறாள். மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். “பரவால்ல அத்தை, வைங்க” என்கிறாள். நானும் வைத்துவிடுகிறேன். எனக்கும் அந்த நேரம் வேண்டியிருக்கிறது.

டிசம்பரில் ஒரு நாள் அனுப்புகிறேன். ஒரே ஒரு நாள். ஈப்போவில் உன் மாமாவுக்கு வேலை இருக்கிறது, காலையில் விட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். நான் வரமாட்டேன். அந்தச் சுவரைப் பார்க்க என்னால் முடியாது. பிள்ளையிடம் பழசு எதையும் கிளறாதே. வந்தாளா, சாப்பிட்டாளா, போனாளா என்று இருக்கட்டும்.

புஷ்பலதா

---

சிம்பாங் பூலாய்,
21 டிசம்பர் 2025

அண்ணி,

சன்னாசி மாமா நேற்று நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே தெரியாது. வினியும் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

மாமா அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நல்ல உயரமாகிவிட்டாள். தலையில் எண்ணெய் வழிய வழியப் பின்னிவிட்டிருந்தீர்கள். கட்டிப்பிடித்தபோது அதே எண்ணெய் வாடை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சுற்றிப் பார்த்தாள். திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தாள். “அழகா இருக்கும்மா” என்றாள். விருந்தாளி வீட்டில் சொல்வது போலச் சொன்னாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பிடிக்கும் என்று மீ கோரிங் செய்து வைத்திருந்தேன். மரியாதையாகச் சாப்பிட்டு, தட்டை அவளே கழுவி வைத்தாள். என் மகள் அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை.

பிறகு கேட்டாள். “அப்பா இடம் எங்கம்மா?”

செங்கல் அட்டையைக் காட்டி, “இதுக்குப் பின்னாலதான்டா இருக்கு. நீ பயப்படுறேன்னு மூடிட்டேன்” என்றேன்.

“நான் பயப்படுறேனா? யாரு சொன்னா?”

அவளாகத்தான் சொன்னாள். அன்றைக்குப் பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோதே அப்பா போய்விட்டார் என்று அவளுக்குத் தெரியுமாம். கையைத் தொட்டுப் பார்த்தாளாம். எனக்குப் போன் அடித்தாளாம், வேலை நேரத்தில் என் போன் பெட்டிக்குள் இருக்கும், உங்களுக்குத் தெரியும். அப்புறம் அவர் பக்கத்திலேயே மெத்தையில் உட்கார்ந்து பள்ளிப் பாடத்தை எழுதினாளாம். “நீங்க வர்ற வரைக்கும் அப்பா தனியா இருக்கக்கூடாதுல்லம்மா. அதான் உக்காந்திருந்தேன்” என்றாள். அழாமல் சொன்னாள் அண்ணி. பஸ் ஏன் தாமதம் என்று சொல்வதைப் போல.

இத்தனை மாதமும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அவர் தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்திருப்பாள், பிறகு விஷயம் தெரிந்து அரண்டுபோயிருப்பாள் என்று. ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அது வசதியாக இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துப் பயந்தவள் நான். வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் பயந்தேன். பிள்ளையின் பெயரைச் சொல்லி எனக்காகத்தான் சாயம் அடித்திருக்கிறேன்.

அவளுக்குக் காட்டிவிடலாம் என்று அட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பசை விடவில்லை. பலமாக இழுத்தேன். அட்டையோடு பச்சைச் சாயம் வந்தது, அதோடு பழைய சாயம் வந்தது, அதற்கும் பின்னால் இருந்த வெள்ளைப் பூச்சும் பாளம் பாளமாகக் கழன்று கீழே விழுந்தது. உள்ளே வெறும் சிமெண்டு. வட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை.

வினி கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் மோந்துவிட்டுக் கீழே வைத்தாள். “பசை வாடைதாம்மா வருது” என்றாள். பிறகு மாமா வரும்வரை வெளியே நிற்கிறேன் என்று போய், வாசல் கேட் பக்கம் வெயிலில் நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். போகும்போது, “இங்க அப்பா இல்லம்மா. நான் அத்தை வீட்டுலயே இருக்கேன்” என்றாள்.

அவள் எடுத்த முடிவை நான் மாற்றப் போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். பிள்ளை பயப்படுகிறாள் என்று ஏன் அண்ணி சொன்னீர்கள்? தம்பியின் மகள் எனக்கு வேண்டும் என்று நேராகச் சொல்லியிருந்தால் உங்களோடு சண்டை போட்டிருப்பேன், கத்தியிருப்பேன். ஆனால் அந்தச் சுவரைத் தொட்டிருக்க மாட்டேன். நீங்கள் காய்ச்சிய எண்ணெயை, நீங்கள் சொன்ன ஒரு பொய்யை நம்பித்தான் நான் அழித்தேன்.

தினேஸ்வரி

---

தஞ்சோங் மாலிம்,
4 ஜனவரி 2026

தினேஸ்வரிக்கு,

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டிருந்தாய். வீட்டில் ஒரு பிள்ளை நடக்கும் சத்தம் வேண்டியிருந்தது. நடையும் கனகராஜ் மாதிரியே இருந்தது. அனுப்ப மனம் வரவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்னது போய் அவனுடைய சுவரில் முடியும் என்று யாருக்குத் தெரியும்? உன்னை மன்னிக்க முடியவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எனக்கு முகம் இல்லை.

உன் கடிதத்தை அவள் எடுத்துப் படித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், என்ன செய்வது? “நான் பயந்தேன்னு நீங்கதான் அம்மாகிட்ட சொன்னீங்களா, அத்தை?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போனாள்.

இன்று காலை எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால், துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். எங்கே என்றேன். அம்மா வீட்டுக்கு என்றாள். “அங்க அப்பா இல்லன்னு நீதானேடா சொன்ன?” என்று கேட்டேன்.

“அப்பா இல்ல அத்தை. அம்மா தனியா இருக்காங்க” என்றாள்.

நான் மட்டும் யாரோடு இருக்கிறேன் என்று கேட்டுவிட்டேன் தினேஸ்வரி. அந்த வயதுப் பிள்ளையிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். “ஒங்களுக்கு மாமா இருக்காங்கள்ல” என்றாள். கணக்குப் பாடம் செய்கிறவள் மாதிரி, யாருக்கு யார் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

சனிக்கிழமை உன் மாமா கூட்டிக்கொண்டு வருவார். பள்ளி திறப்பதற்குள் பேரைப் பதிந்துவிடு. இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை, பார்த்துக்கொள். விளையாட ஒரு துணை தேடிக் கொடு. வீட்டுக்குள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காரவிடாதே.

ஆசைப்பட்டு வருகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. இருந்தாலும் வாசலில் நில்.

புஷ்பலதா